நீட்ட மறுக்கும் முழங்கால்

வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளிலும், வடமராட்சியின் மணற்றரைகளிலும், தீவகத்துக் கடற்கரை வெளிகளிலும் பள்ளிக்கூடம் விட்டபின் ஓடித்திரியும் சிறுவர்களுடைய முழங்கால்களிற் காயமும் தழும்பும் இல்லாதிருந்தாற்றான் அதிசயம். விழுந்தெழும்பாமல் வளர்ந்த பிள்ளை எந்த ஊரிலும் இல்லையென்பதால் பெற்றோரும் அவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஒருநாட் பின்னேரம், கிளித்தட்டு மறிக்கும்போதோ கிணற்றடியிற் குந்தியிருந்து எழும்பும்போதோ, திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து, மடித்த முழங்காலை மறுபடி நீட்டமாட்டாமல் அழத் தொடங்குமானால் வீடு முழுவதும் கலங்கிவிடுகிறது. தகப்பன் குதிக்காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். அம்மம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு உருவிவிட வருகிறா. வேலிக்கு அப்பால் நின்று கேட்ட அயலவர், முறிவு நெரிவுக்குப் புக்கை கட்டும் பரியாரியார் ஒருவரின் பெயரைச் சொல்லுகிறார்.

இம்மூவரும் அன்பினால் உந்தப்பட்டவர்களே. ஆயினும், மூவரும் செய்ய எத்தனிப்பது ஒரே காரியம். தடுப்பது எது என்பதை அறியுமுன்னர் காலை நேராக்கிவிட வேண்டும் என்பதே அது. கதவிடுக்கிற் சிறு கல்லொன்று அகப்பட்டிருக்கும்போது கல்லை எடாமற் கதவைத் தள்ளுகிறவன் கீலைத்தான் முறிக்கிறான். பிள்ளையின் முழங்கால் விஷயத்தில் இந்த அவசரம் இன்னும் பொல்லாதது; ஏனெனில், அங்கே குறுக்கே நிற்கும் பொருள் பெரும்பாலும் தூக்கி எறியத்தக்க கல்லன்று; அந்தப் பிள்ளை முதுமைப் பருவம்வரை நோவின்றி நடப்பதற்கு வேண்டிய குருத்தெலும்பே அது. ஆகவே, சிறுவர்களின் முழங்காற் சிக்குக்குச் சிகிச்சை செய்வதென்பது, சிக்கை அவிழ்ப்பதும் சிக்கிய பொருளைக் காப்பதுமாகிய இரண்டு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவதாகும்.

மூட்டின் அமைப்பு

மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியராயிருந்து, ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கி, மாணாக்கருக்குத் தமிழிலேயே வைத்தியம் போதித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலை 1867ஆம் ஆண்டிலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூலை 1872ஆம் ஆண்டிலும் வெளியிட்டமையால், எலும்புகளையும் மூட்டுக்களையும் பற்றிய மேனாட்டு அறிவு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தாருக்குத் தாய்மொழியிற் கிட்டியது. அத்தகைய நூல்கள் விவரிக்கும் முழங்கால் மூட்டில், மேலே தொடையெலும்பின் உருண்ட இரு முனைகளும், கீழே கணைக்காலெலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேற்பரப்பும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. முன்னே முழங்காற் சிரட்டை காவலாக நிற்கிறது. உருண்ட எலும்பு தட்டையான எலும்பின்மேல் வழுக்கி விழாதிருக்கும் பொருட்டு, உட்புறத்தில் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக, மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவான இரு குருத்தெலும்புகள் இடையே அமைந்திருக்கின்றன. நிற்கும்போதும் நடக்கும்போதும் மூட்டின்மேல் இறங்கும் பாரத்திற் பாதிக்குமேல் இவ்விரு பிறைகளுமே ஏற்றுப் பரப்பிவிடுகின்றன.

இப்பிறைகளைப் பற்றி ஒரு விசேஷத்தை மனத்திற் கொள்ளவேண்டும். பிறந்த குழந்தையின் பிறைக் குருத்தெலும்பு முழுவதிலும் இரத்தம் ஓடுகிறது. வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் உள்விளிம்பிலிருந்து பின்வாங்கி, ஏறக்குறையப் பத்து வயதளவில், வெளியோரத்து மூன்றிலொரு பங்கில் மாத்திரம் எஞ்சுகின்றன. இரத்தம் பாயும் இடத்திற் கிழிந்தது தையலிட்டால் ஒட்டும். பாயாத இடத்திற் கிழிந்தது இலேசில் ஒட்டாது. பெரியவர்களைவிடச் சிறுவர்களின் குருத்தெலும்பைக் காப்பாற்றுவதற்கு அதிக வாய்ப்புண்டென்று வைத்தியர்கள் சொல்லுவது இதனாலேயாம்.

இனி, காலை முற்றாக நீட்டும்போது நடப்பதையும் கவனிக்கலாம். முழங்கால் வெறும் கீல் அன்று. நீட்டலின் கடைசிப் பாகைகளில், இரு எலும்புகளும் ஒன்றன்மேலொன்று சற்றே சுழன்று இறுகிப் பொருந்துகின்றன. இந்தக் கடைசிப் பொருத்தத்திற்கு மிகச் சிறிய தடையும் இடையூறாகும். ஆதலால், உண்மையாகவே சிக்கிய முழங்கால் நன்றாக மடங்கும்; நீட்டும்போது மாத்திரம் கடைசிப் பத்து முதல் முப்பது பாகைவரையுள்ள தூரத்தில், எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடும்.

மெய்ச் சிக்கும் போலிச் சிக்கும்

நீட்ட முடியாத முழங்கால் யாவும் உள்ளே சிக்குண்ட முழங்காலல்ல. அடிபட்டு வீங்கிய மூட்டில் நீர் நிறைந்திருப்பதாலோ, நோவினால் தொடையின் பின்புறத் தசைநார்கள் இறுகிக் காலை மடித்துப் பிடிப்பதாலோ நீட்ட முடியாமற்போவதுமுண்டு. இதைப் போலிச் சிக்கு எனலாம். மெய்ச் சிக்குத் திடீரென வரும். பிள்ளை தானே காலை ஆட்டி அசைத்துத் திருப்ப, ‘டக்’ என்ற ஒலியுடன் திடீரெனவே விடுபடும். விடுபட்ட மறுகணம் பிள்ளை எழுந்து நடக்கவும் கூடும். போலிச் சிக்கு மெல்ல வந்து மெல்ல விலகுவது. நோவு ஆறி வீக்கம் வற்றுந்தோறும் கால் சிறிது சிறிதாக நேராகும். இவ்வேறுபாட்டைத் தாய் தகப்பனே அவதானித்துச் சொல்ல முடியும். அவர்களின் சாட்சியம் பல வேளைகளில் ஊடுகதிர்ப் படத்தைவிட வைத்தியருக்கு அதிகம் பயன்படுகிறது.

மெய்ச் சிக்குக்குரிய காரணங்கள் வயதுக்கு வயது வேறுபடுவன. மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள சிறுபிள்ளைகளிடத்தில், விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ ஒரு சரித்திரமும் இல்லாமலே, நடக்கும்போது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ‘டொக் டொக்’ என்ற சத்தம் கேட்குமாயின், பிறவியிலேயே அமைந்த ஒரு விகற்பத்தை வைத்தியர் முதலில் நினைப்பார். வெளிப்புறக் குருத்தெலும்பு பிறைபோல் மெலிந்திராமல், வட்டத் தட்டாகத் தடித்து எலும்பின் நடுப்பகுதியையும் மூடியிருப்பதே அவ்விகற்பம். பிரேதத்தின் முழங்காலொன்றில் இதைக் கண்டு 1889ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் யங் என்பவர். எலும்பின் மேற்பரப்பை முற்றாக மூடுவது, பாதியளவில் மூடுவது, பின்புறக் கட்டு இல்லாமல் தளர்ந்து அசைவது என மூவகையாக இதனைப் பிற்காலத்திற் பிரித்தவர் ஜப்பானியராகிய மசாகி வத்தனாபே. மேற்குநாட்டாரைவிட ஜப்பான், கொரியா முதலிய கீழைநாட்டாரிடத்தில் இது அதிகம். பலருக்கு இரு கால்களிலும் இருப்பதுமுண்டு. தட்டு வடிவாயிருப்பது மாத்திரம் நோயாகாது. அது இருப்பதை அறியாமலே ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர்கள் அநேகர். ஆனால், தடித்த தட்டு கிழிந்தாலோ இடம் பெயர்ந்தாலோ முழங்கால் சிக்கத் தொடங்கும்.

பத்து வயதைக் கடந்து, உதைபந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் பிள்ளைகளை மைதானத்துக்கு இழுக்கும் பருவத்தில் காரணங்கள் மாறுகின்றன. பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு திரும்புமாயின், இயல்பான பிறைக் குருத்தெலும்பும் நெடுகக் கிழிந்து, கிழிந்த துண்டு இரு முனைகளிலும் ஒட்டியபடியே மூட்டின் நடுவுக்குப் புரண்டுவிடும். வைத்திய நூல்கள் வாளிப்பிடிக் கிழிவு என்று வழங்கும் இதுவே, பதின்ம வயதினரின் முழங்கால் திடீரெனச் சிக்கி விடுபடாதிருப்பதற்குப் பெருங்காரணம். மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் முன் இணைநாணும் இதனோடு அறுந்திருப்பது பலமுறை காணப்படுகிறது.

இதே வயதில் வேறொரு நோய் ஓசையின்றி வளர்வதுண்டு. தொடையெலும்பின் உட்புற முனையில், மூட்டினுள் நோக்கிய பக்கத்தில், குருத்தெலும்போடு கூடிய சிறு எலும்புத் துண்டொன்று இரத்த ஓட்டங் குன்றித் தளர்ந்து, கவனியாது விட்டால் முற்றாகக் கழன்று மூட்டினுள் மிதக்கத் தொடங்குகிறது. ஜெர்மானியச் சத்திரவைத்தியர் ஃபிரான்ஸ் கோனிக் 1887ஆம் ஆண்டில் இதற்கு இட்ட ஒஸ்ரியோகொண்ட்றைற்றிஸ் டிசெக்கன்ஸ் என்ற பெயரே இன்றும் வழக்கில் உள்ளது. ஓடினால் நோவதும், ஓய்ந்தால் ஆறுவதுமாக மாதக்கணக்கில் இருந்து, பின்பு ஒருநாள் கழன்ற துண்டு எலும்புகளுக்கிடையே அகப்பட, முழங்கால் சிக்கும். மறுநாள் துண்டு வேறிடத்துக்கு நகர, சிக்கும் விலகிவிடும். பிள்ளை பள்ளிக்குப் போகாதிருக்கப் பாசாங்கு செய்கிறதென்று வீட்டார் ஐயுறுவது பெரும்பாலும் இத்தகைய நோயாளரையேயாம்.

சைக்கிள் ஓடாத வீடு யாழ்ப்பாணத்தில் அருமையாதலால், அதனோடு தொடர்புடைய ஒரு காரணத்தையும் சொல்லவேண்டும். எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்கால் உடனே பருத்து, நீட்ட முடியாமற்போனால், முன் இணைநாண் அறுவதற்குப் பதிலாக, அது பற்றியிருக்கும் கணைக்காலெலும்பின் நுனி பெயர்ந்திருக்கக்கூடும். வளரும் எலும்பு இணைநாணைவிட இளகியதாயிருப்பதே இதற்குக் காரணம். பெயர்ந்த நுனி மூட்டின் நடுவில் மேலெழுந்து நின்று நீட்டலைத் தடுக்கும். அவ்வாறே, முழங்காற் சிரட்டை ஒருகணம் வெளிப்புறமாக விலகித் தானே இருப்பிடம் திரும்பும்போது, எலும்பிலிருந்து ஒரு சிம்பைப் பெயர்த்து மூட்டினுள் விட்டுவிடுதலும் உண்டு.

வேறு நோய்கள் பூணும் வேடம்

இவை யாவும் நாட்கணக்கிற் பொறுத்துப் பரிசோதிக்கத்தக்கவை. ஒரு மணித்தியாலமும் தாமதிக்கலாகாத நோயொன்று இவற்றைப்போல வேடம் பூண்டு வருவதுண்டு. காய்ச்சலும், சுட்டுச் சிவந்து வீங்கிய முழங்காலும், காலை அணுவளவு அசைத்தாலும் வீரிட்டலறும் நோவும் ஒருங்கே சேருமானால், மூட்டினுள்ளே கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கலாமென்று எண்ணி, இரவாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். சீழ் குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். மூட்டைக் கழுவி, நாளத்தின் வழியாக அன்ரிபயோற்றிக் மருந்து ஏற்றுவதே அதற்குப் பரிகாரம்.

இவ்விடத்தில் எமது குடாநாட்டுக்கு விசேஷமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வடகீழ்ப் பருவமழை பெய்து நுளம்பு பெருகும் மாதங்களில், காய்ச்சலும் மூட்டு நோவும் டெங்கு நோயின் குறிகளாகவும் இருக்கக்கூடும். அக்காலத்திற் காய்ச்சலுள்ள பிள்ளைக்கு முழங்கால் நோவுக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் முதலிய மாத்திரைகளையோ குளிகைகளையோ பாமஸியில் வாங்கிக் கொடுப்பது இரத்தக்கசிவை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வைத்தியரைக் காணும்வரை, பிள்ளையின் நிறைக்கேற்ற அளவிற் பனடோல் மாத்திரம் போதும்.

வேறு சில நோய்கள் மெல்ல வருவன. காலையில் எழும்போது முழங்கால் இறுகியிருந்து, வெயிலேற இளகுவதும், வீக்கம் ஆறு வாரத்துக்குமேல் நிலைப்பதும் சிறுவர் மூட்டுவாதத்தின் இலக்கணம். அப்பிள்ளைகளின் கண்ணிலும் நோவின்றி அழற்சி உண்டாகுமாதலாற் கண் வைத்தியரும் பார்க்கவேண்டியிருக்கும். சிறு தட்டுப் பட்டாலும் முழங்கால் பெரிதாக வீங்கும் ஆண்பிள்ளைக்கு இரத்தம் உறையும் தன்மை குறைந்திருக்கலாம். இடுப்பு மூட்டின் நோய் முழங்காலிலே நோவாகத் தோன்றுவது வைத்தியர்களையும் ஏமாற்றும் ஒரு விந்தை. ஆகையால், முழங்கால் நோவென்று வந்த பிள்ளையின் இடுப்பையும் அசைத்துப் பார்க்காத பரிசோதனை பூரணமாகாது. நித்திரையைக் குலைக்கும் இராநோவும், காரணமற்ற மெலிவும், நாளுக்குநாள் பெருகும் வீக்கமும் காணப்பட்டால், எலும்பிற் கட்டி இல்லையென்பதைத் தாமதமின்றி நிச்சயித்துக்கொள்ளவேண்டும்.

வைத்தியர் பார்க்கும் விதம்

“டொக்டர், குந்தியிருந்தவன் எழும்பேக்கை கால் கொழுவிக்கொண்டுது, இப்ப நீட்டேலாமல் கிடக்கு” என்று தாய் சொல்ல, “முந்தியும் இப்பிடி நடந்ததோ, அம்மா? கொழுவினது தானாய் விட்டதோ?” என்று கேட்பதிலே பரிசோதனை ஆரம்பமாகிறது. அனுபவமுள்ள வைத்தியர் முதலில் நோகும் காலைத் தொடார். நல்ல காலை மடித்து நீட்டிக் காட்டி, “தம்பி, இதைப்போல மற்றக் காலையும் நீயே செய் பாப்பம்” என்பார். பிள்ளையின் அச்சம் அரைவாசி அதிலேயே தீர்ந்துவிடும். கட்டிலில் மல்லாந்து படுத்த பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி தெரிகிறதென்று குனிந்து பார்ப்பார். பின்னர், பிள்ளையைக் குப்புறப் படுக்கவிட்டு, முழங்காலுக்குக் கீழுள்ள பாகம் கட்டிலின் விளிம்புக்கு அப்பால் நிற்கும்படி செய்து, இரண்டு குதிக்கால்களையும் நோக்குவார். இரு முழங்கால்களும் ஒத்து நீளுமானால் குதிக்கால்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு குதிக்கால் இரண்டு விரற்கிடை உயர்ந்து நின்றால் அந்த முழங்கால் நீளவில்லையென்பது, அளவுகோல் இல்லாமலே பிரத்தியட்சமாகும். மூட்டில் நீர் உண்டா, நோவு எந்தக் கோட்டில் இருக்கிறது, சிரட்டையை வெளிப்புறம் தள்ளினாற் பிள்ளை அஞ்சுகிறதா என்பவற்றை விரல் நுனியால் அறிந்துகொண்ட பின்னரே படங்களுக்கு எழுதுவார்.

ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. பெயர்ந்த நுனியையும் மிதக்கும் எலும்புத் துண்டையும் அது காட்டும். கிழிந்த பிறையைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். கதிர்வீச்சு இல்லாததாயினும், அப்படம் எடுக்கும் இயந்திரத்தினுள் வெகுநேரம் அசையாமற் கிடக்கவேண்டியிருப்பதால், மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்தே அதை எடுக்கவேண்டி நேரலாம்.

பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளுள் அருகிலுள்ள ஒன்றிற் பிள்ளையை முதலிற் காட்டலாம். அங்கிருந்து கடிதம் பெற்று, 1850ஆம் ஆண்டில் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் ஆரம்பிக்கப்பட்டு, ஊரார் ‘பெரியாஸ்பத்திரி’ என்று இன்றும் அழைக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் என்பியல் கிளினிக்குக்குச் செல்வதே முறையான வழி. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

சத்திரசிகிச்சையின் சரித்திரம்

காலைப் பிடித்து இழுத்துச் சிக்கெடுக்கும் வழக்கத்துக்காக எங்கள் நாட்டு வைத்தியரை மாத்திரம் குறைகூறுதல் நியாயமன்று. முழங்காலின் உட்சீர்குலைவைப் பற்றி 1803ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாக எழுதிய லீட்ஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் வில்லியம் ஹே, கையாற் காலை நீட்டி மடிக்கும் முறையையே சிகிச்சையாகச் சொன்னார். குருத்தெலும்பைத் திறந்து பார்த்துத் தைக்கத் துணிந்தவர், எடின்பறோவிலிருந்த தோமஸ் அனண்டேல். 1883ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து, இடம் பெயர்ந்த குருத்தெலும்பை அவர் இருப்பிடத்திற் பொருத்தித் தைத்தார். ஆனால், அவர் காட்டிய வழி நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. குருத்தெலும்பு பயனற்ற மிச்சமென்ற அபிப்பிராயம் பரவியமையால், கிழிந்ததென்று ஐயம் எழுந்தாலே முழுவதையும் அகற்றுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. அகற்றியவுடன் சிக்கு நீங்கி நோயாளி மகிழ்ந்து நடந்தமையால், அதன் தீமை உடனே புலப்படவில்லை. அவ்வாறு அகற்றப்பட்ட முழங்கால்களைப் பின்பு ஊடுகதிரிற் படமெடுத்து ஆராய்ந்த ஃபெயர்பாங்க் என்னும் ஆங்கில வைத்தியர், மூட்டின் இடைவெளி ஒடுங்கியும் எலும்பு தட்டையாகியும் போவதை 1948ஆம் ஆண்டிற் காட்டினார். பத்து வயதிற் குருத்தெலும்பை இழந்த பிள்ளைக்கு அந்தத் தேய்மானம் நடுவயதிலேயே வந்துவிடுமென்பதை எண்ணிப் பார்த்தால், சிறுவர்களிடத்தில் அந்தப் பழைய வழக்கம் எவ்வளவு கேடு செய்ததென்பது விளங்கும்.

முழுமூட்டையும் வெட்டித் திறவாமல் உள்ளே பார்க்கும் உபாயம் கீழைநாட்டிலேயே செழித்தது. சயரோகத்தினால் முழங்கால் விறைத்து, முழந்தாளிட்டும் குந்தியும் இருக்க முடியாமல் ஜப்பானியர் வருந்துவதைக் கண்ட கென்ஜி தகாகி, நீர்ப்பையைப் பார்க்கும் அகநோக்குக் குழாயை 1918ஆம் ஆண்டில் ஒரு பிரேதத்தின் முழங்காலிற் செலுத்திப் பார்த்தார். அவருடைய வழிவந்த வத்தனாபே, 1962ஆம் ஆண்டில், கூடைப்பந்தாட்டத்தில் முழங்கால் திருகிய 17 வயது இளைஞன் ஒருவனுக்கு, அகநோக்கியின் உதவியாற் கிழிந்த துண்டை மாத்திரம் அகற்றிச் சரித்திரம் படைத்தார். பாயில் இருந்து உண்டு, நிலத்திற் குந்தி வேலை செய்யும் எங்களைப் போன்ற சமுதாயமொன்றின் தேவையிலிருந்து இவ்வித்தை விருத்தியடைந்ததென்பது எமக்கு உவப்பான செய்தியே.

இன்றைய சிகிச்சை

இன்று, முழங்காலின் முன்புறத்தில் இரண்டு சிறு துவாரங்களிட்டு, ஒன்றன் வழியாகப் பென்சிலிலும் மெல்லிய அகநோக்கியையும் மற்றதன் வழியாகக் கருவிகளையும் செலுத்தி, மூட்டை உப்புநீரால் நிரப்பி, திரையில் நோக்கியபடி சத்திரவைத்தியர் வேலை செய்கிறார். புரண்ட வாளிப்பிடித் துண்டை மயக்கத்தில் மெல்லத் தள்ளி இருப்பிடம் சேர்த்து, இரத்தம் ஓடும் பாகத்திலாயின் தையலிடுவது முதற்கடன்; தைக்கவே முடியாத சிறு கந்தலை மாத்திரம் வெட்டி மட்டமாக்குவது இரண்டாவது. வட்டத் தட்டுக் குருத்தெலும்பில், நடுவே தடித்த பாகத்தைக் குடைந்தெடுத்து, ஓரத்தில் ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் அகலமான பிறையை விட்டுவைக்கிறார்கள். தளர்ந்திருந்தால் அதனையும் தைத்து இறுக்குகிறார்கள். நோவோ சிக்கோ இல்லாமற் சத்தம் மாத்திரம் கேட்கும் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை அவசியமில்லை. காலத்துக்குக் காலம் பார்த்துவந்தாற் போதும்.

கோனிக் பெயரிட்ட நோயில், துண்டு கழலாமல், எலும்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், ஓட்டமும் பாய்ச்சலும் நிறுத்தி மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு கொடுக்க அநேகம் பிள்ளைகளுக்குத் தானே பொருந்திவிடுகிறது. பொருந்தாவிடில் நுண்ணிய துளைகளிட்டு இரத்தம் பாயச் செய்வார்கள். தளர்ந்த துண்டை ஆணியாற் பொருத்துவார்கள். முற்றாகக் கழன்று பயனற்றுப் போனதை மாத்திரமே எடுத்துவிடுவார்கள். சைக்கிளில் விழுந்து பெயர்ந்த எலும்பு நுனி இடத்தைவிட்டு அதிகம் விலகாதிருந்தால், காலை ஏறக்குறைய நேராக வைத்துப் பிளாஸ்ரர் கட்டினாற் போதும். விலகியிருந்தால் நூலாலோ திருகாணியாலோ கட்டவேண்டும். காலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முழங்காலை அடுத்துள்ள வளர்தட்டுக்களிலிருந்தே விருத்தியாவதால், அத்தட்டுக்களைக் குலைக்காமல் ஆணியைச் செலுத்துவது சிறுவர் சத்திரசிகிச்சையில் தனிக் கவனத்துக்குரியது.

வைத்தியசாலையை அடையுமுன் வீட்டார் செய்யவேண்டியவை மிகச் சில. எந்த நிலையில் நோவு குறைவோ அந்த நிலையிலேயே, முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துக் காலைத் தாங்கவேண்டும். துணியிற் சுற்றிய ஐஸைப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். பிள்ளை தானாகவே மெதுவாக அசைத்துப் பார்ப்பதைத் தடுக்கவேண்டாம். பிறர் கைவைத்து இழுக்கவும் உருவவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கவேண்டிய நிலைமை நேரலாமாதலால், கடுமையாக அடிபட்ட பிள்ளைக்கு வழியிற் சாப்பாடு கொடாதிருப்பது நன்று. முறிவு நெரிவு வைத்தியமும் அதன் புக்கையும் தமக்குரிய இடத்தில் மதிக்கத்தக்கனவே. ஆனால், புக்கையின் குணம் எத்தகையதாயினும், மூட்டின் நடுவே புரண்டு கிடக்கும் குருத்தெலும்பை அது திருப்பிவைக்கமாட்டாது. வாரக்கணக்காகச் சிக்குண்டு கிடந்த துண்டு நசுங்கித் தையலுக்கும் உதவாமற் போய்விடும். ஆகவே, கால் நீளவில்லையென்றால் முதலில் ஊடுகதிர்ப் படமும் வைத்தியரின் தீர்ப்பும், பின்னரே மற்றவை என்ற ஒழுங்கைக் கைக்கொள்ளவேண்டும்.

வீடு திரும்பிய பின்

சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடலாம். அதன் பலன் அடுத்துவரும் மாதங்களிலேயே நிர்ணயமாகிறது. தையலிட்ட குருத்தெலும்பு ஒட்டும்வரை, நாலு முதல் ஆறு வாரம் ஊன்றுகோலும் முழங்காற் பட்டியும் வேண்டும். ஆழ்ந்து மடித்தால் தையல் விலகுமாதலால், குந்துதலும் முழந்தாளிடுதலும் சம்மணமிடுதலும் சில மாதங்களுக்கு விலக்கு. எமது வாழ்க்கைமுறையில் இது சிறிய காரியமன்று. குந்து மலசலகூடம் மாத்திரம் உள்ள வீட்டில், நடுவில் துவாரமிட்ட கதிரையொன்றை முன்கூட்டியே செய்துவைக்கவேண்டும். பாயில் இருந்து உண்ணும் பிள்ளைக்கு மேசையும், கோயிலில் விழுந்து கும்பிடும் பிள்ளைக்கு நின்றபடி கும்பிடவும், தேவாலயத்தில் முழந்தாளிடும் பிள்ளைக்கு வாங்கில் இருந்தபடி செபிக்கவும் அனுமதியும் கொடுக்கவேண்டும். பாடசாலையில் மேல்மாடி வகுப்பாயின் அதிபருக்குக் கடிதம் கொடுத்துக் கீழ்மாடிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தொடைத் தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்குவதால், இயன்மருத்துவர் கற்பிக்கும் அப்பியாசத்தை வீட்டில் நாள்தோறும் செய்விப்பது தாய் தகப்பனின் பொறுப்பு. காலை நீட்டிவைத்து, முழங்காலின்கீழ் மடித்த துவாயொன்றை இட்டு, அதை நிலத்தோடு அமுக்கும்படி தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது அவற்றுள் எளியது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யத்தக்கது. நோவு போய்விட்டதென்பதற்காக அடுத்த போட்டிக்கு இறக்கிவிடலாகாது. தைத்த முழங்கால் மைதானத்துக்குத் திரும்ப நாலு முதல் ஆறு மாதம் ஆகும். வடக்கின் பெருஞ்சமர் எனப்படும் கிரிக்கெட் போட்டியை ஒரு வருஷம் வேலியோரத்தில் நின்று பார்க்க நேர்ந்தாலும், அடுத்த வருஷங்களில் விளையாட முடிவது பெரும்பேறல்லவா?

இந்நோயிற் பெற்றோரிடம் வேண்டப்படும் முதன்மையான குணம் பிள்ளையின் சொல்லை நம்புதல். சிக்கு வைத்தியரிடம் போகுமுன் விலகிவிடும். கிளினிக்கில் பிள்ளை நன்றாக நடந்து காட்டும். வீட்டார் வெட்கப்பட்டுத் திரும்புவர். அதற்கு இக்காலத்தில் எளிய பரிகாரம் உண்டு: கால் கொழுவிய நேரத்திலோ சத்தம் கேட்கும் நேரத்திலோ கைத்தொலைபேசியில் ஒரு சிறு படம் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த நாள், என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம், எப்படி விடுபட்டது என்பவற்றைக் கொப்பியொன்றிற் குறித்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி ஆசிரியரும் தாம் கண்டதை அதிலே எழுதித் தரட்டும். அந்த ஒரு பக்கக் குறிப்பையும் அரை நிமிஷப் படத்தையும் கண்ட என்பியல் நிபுணர், இரண்டு மூன்று கிளினிக்குகளில் அறியவேண்டியதை முதல் நாளிலேயே அறிந்துகொள்வார். தைத்துக் காக்கத்தக்க குருத்தெலும்பு காலந்தாழ்த்தி வெட்டி எறியவேண்டியதாகிவிடாமலும் தப்பும்.